அடுத்த வீட்டு அரக்கு முத்திரை

11 பிப்ரவரி 1957, திங்கள்

1. இந்தக் குறிப்பேட்டை எழுதுபவன் வே. சபாபதி; வயது நாற்பத்திரண்டு; புதுச்சேரி, பெருமாள் கோயில் வீதியில் மனைவி தனக்கொடியுடன் குடியிருப்பவன்; பிள்ளைகள் இல்லை.

2. பிரெஞ்சுச் சட்டம் பயின்று பட்டம் பெற்றவன். வழக்காடியதில்லை. சொத்துப் பத்திரங்களை எழுதிச் சான்றளிக்கும் நொத்தேர் ஒருவரின் அலுவலகத்தில் தலைமை எழுத்தன்.

3. நகரில் காலியாகும் நொத்தேர் பதவிக்கு விண்ணப்பித்திருப்பவன். பரிந்துரைப் பட்டியலில் என் பெயர் முதலாவது. இதுநாள்வரை நான் எழுதிய பத்திரங்கள் யாவும் மற்றொருவர் கையொப்பத்துக்காக எழுதியவை.

4. சனிக்கிழமை முதல் அடுத்த வீட்டு அரக்கு முத்திரைக்குக் காவலன்.

நான்காவதற்கு மட்டும் விளக்கம் வேண்டும். அடுத்த வீட்டு ராமலிங்கம் சென்ற வாரம் இறந்தார். இளைய தாரம் அஞ்சலாட்சி வீட்டில் இருக்கிறாள். மூத்த தாரத்து மகன் அம்மாவாசை வில்லியனூரிலிருந்து வந்து, பாகம் பிரியும்வரை எந்தப் பொருளும் நகரக் கூடாது என்று மனுக் கொடுத்தான். கொடி மாறி இரண்டு ஆண்டுகள் கடந்தும் நீதிமன்றத்தில் பிரெஞ்சுச் சட்டமே நடக்கிறது. ஆகவே நீதிபதி தம் எழுத்தருடன் வந்து, ராமலிங்கத்தின் உள்ளறைக் கதவின் குறுக்கே நாடா கட்டி, இரு முனையிலும் அரக்கு உருக்கி முத்திரை பதித்தார். காவலன் ஒருவன் வேண்டும் என்றதும் இரு தரப்பும் என்னைச் சொன்னார்கள். முத்திரை சிதைந்தால், உடைத்தவனோடு கவனக்குறைவாக இருந்த காவலனும் தண்டனைக்குரியவன். அந்தப் பிரிவை நான் அறிவேன். அறிந்தே ஒப்பினேன்.

மைத்துனன் ராஜாங்கம் சாப்பிடும்போது கேலி செய்தான்: “செத்தவர் வூட்டுக்குப் பூட்டு, பூட்டுக்கு நீங்க காவலா மாமா? அப்ப உங்களுக்கு யாரு காவல்?”

பிரெஞ்சுப் படையில் சைகோன் வரை போய் ஓய்வு பெற்று வந்த சொல்தா அவன். எங்களோடுதான் இருக்கிறான். அவன் பென்ஷனில்தான் சேதராப்பட்டில் என் மாமியாரும் அவருடைய மணமாகாத இரண்டு பெண்களும் சாப்பிடுகிறார்கள்.

18 பிப்ரவரி, திங்கள்

அலுவலகத்திலிருந்து வந்ததும் தனக்கொடி தண்ணீர் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். பின்கட்டில் அஞ்சலாட்சி. வெள்ளிக்கிழமை கருமாதி. படைத்து வைக்க ராமலிங்கத்தின் படம் வேண்டுமாம். அவர் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே புகைப்படம் முத்திரையிட்ட அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது.

“ஒரு படம்தானே அண்ணே. எடுத்துட்டு அன்னிக்கே மாட்டிடறேன்” என்றாள் அஞ்சலாட்சி.

முத்திரையைத் தற்காலிகமாக நீக்கும்படி நீதிபதிக்கு மனுச் செய்ய வழி இருக்கிறது என்று எடுத்துரைத்தேன். அவர் காரைக்கால் போயிருக்கிறார். வெள்ளிக்குள் திரும்புவது உறுதியில்லை.

“அப்ப அவரு மொகத்தப் பார்க்காமலே கருமாதியா?”

“சட்டத்தில் வேறு வழியில்லை அம்மா.”

அவள் போன பிறகு தனக்கொடி, “உங்களுக்கு வாயில வேற வார்த்தையே வராதா?” என்றாள். மனுவை நானே எழுதித் தருவதாகச் சொல்லியனுப்பினேன். யாரும் கேட்டு வரவில்லை.

22 பிப்ரவரி, வெள்ளி

கருமாதிக்குப் போயிருந்தேன். படம் வைத்திருந்தார்கள். ஜரிகைத் தலைப்பாகையோடு, உயிரோடு இருப்பது போலவே இருந்தார். சாமந்தி மாலை. புகைப்படக்காரரிடம் மறுபிரதி எடுத்துவிட்டார்கள் போலும், மனுத் தேவைப்படாமல் போனது நல்லதாயிற்று என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். முத்திரையையும் வாசற்படியில் நின்று பார்த்தேன். நாடாவும் அரக்கும் அப்படியே இருந்தன.

11 மார்ச், திங்கள்

விளக்கேற்றிய பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

இன்று சொத்து விவரம் எடுக்க நீதிபதி வந்தார். முத்திரையை நீக்குமுன் எழுத்தர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார். நீண்ட நேரம் நிமிரவில்லை. நீதிபதியின் முத்திரையில் எழுத்துகள் வட்டமாக ஓடும். வலப்பக்க அரக்கில் அவை இருந்தன. இடப்பக்க அரக்கில் எழுத்தே இல்லை. ஒரு நங்கூரம் இருந்தது.

அறைக்குள் எதுவும் குறையவில்லை. பெட்டி, நகை, பித்தளைப் பாத்திரம், யாவும் அஞ்சலாட்சி முன்பே சொன்ன கணக்குப்படி. அம்மாவாசை ஒப்பவில்லை: “எல்லாம் இருக்குதுன்னா? எது இல்லன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றான். பிறகு சுவரைக் காட்டினான். படம் ஆணியில் தொங்கியது. படச்சட்டத்தின் மூலையில் காய்ந்த சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது.

“இந்தப் படத்ததான் கருமாதியில வெச்சாங்க. இவரும் வந்து கும்பிட்டாரு. ஊரே பார்த்துச்சு.”

இவர் என்பது நான்.

வீட்டுக்கு வந்து ராஜாங்கத்தின் பழைய படைச்சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பித்தளைப் பொத்தானிலும் நங்கூரம். அவன் மறைக்கவில்லை.

“நான்தான் மாமா. கத்திய சூடு பண்ணி அரக்க ஓரமா தூக்கினேன். படத்த எடுத்தேன், அன்னிக்கி சாயங்காலமே மாட்டிட்டேன். மறுபடி அரக்கு ஊத்தினா மேல ஏதாவது அச்சு வேணுமில்ல? கையில இருந்தது பொத்தான்.”

“என்னைக் கேட்டாயா?”

“கேட்டா மனுப் போடுன்னுவீங்க.”

தனக்கொடி அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். தனக்குப் பிறகுதான் தெரியும் என்றாள். ராஜாங்கம் என் காலைத் தொட்டான். கோர்ட்டில் வந்து தானே சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தான்.

14 மார்ச், வியாழன்

காவல்துறை அதிகாரி என்னை அழைத்து வாக்குமூலம் கேட்டார். வழக்கறிஞரான அவொக்கா ஒருவரைக் கலந்த பிறகு சொல்வதாகக் கூறி வந்துவிட்டேன். உடைத்தவர் யாரென்று எவரும் சொல்லவில்லை; என்மீதான குற்றச்சாட்டு: முத்திரைக் காவலனின் கவனக்குறைவு. சிறிய குற்றம்தான். பெரும்பாலும் அபராதத்தோடு போகும். ஆனால் தண்டனைப் பதிவேட்டில் ஒரு வரி விழுந்தாலும் நொத்தேர் பதவிக்கான விண்ணப்பம் தானாகத் தள்ளுபடியாகும். அதற்கு விலக்கு இல்லை. அந்த விதியை அலுவலகத்தில் பிறருக்கு எடுத்துச் சொன்னவனே நான்.

நானே வாதாடலாமா? சட்டம் தெரியும். எனினும் தன் வழக்கில் தன் குரல் நடுங்குவதைத் தன்னால் கேட்க முடியாது. கூடாது.

மனத்தில் முதலில் வந்தவர் ஜெய்னுலாபுதீன். வயதானவர். சாட்சியைக் குறுக்கே கேட்பதில் அவருக்கு இணையில்லை. தனக்கொடியிடம் சொன்னேன்.

“அவரு வேணாங்க. எல்லாத்தையும் போட்டுக் கிளறிடுவாரு. தெய்வசிகாமணி அண்ணன் இருக்காரே, கூடப் படிச்சவரு. நம்ம வூட்டு ஆளு மாதிரி.”

உண்மைதான். எங்கள் திருமணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவன் தெய்வசிகாமணி.

17 மார்ச், ஞாயிறு

தெய்வசிகாமணி வீட்டுக்குப் போனேன். கேட்க வேண்டியவற்றை வழியிலேயே மனத்துக்குள் வரிசைப்படுத்தியிருந்தேன்.

“நீயே பாதி அவொக்கா. மீதிப் பாதிக்குத்தானே நான்?” என்று சிரித்தான். காப்பி வந்தது. மனைவியை அழைத்து, “பாரும்மா, புதுச்சேரியிலயே ஒழுங்கான மனுஷன் மேல கேஸ்” என்றான்.

இத்தகைய வழக்கை நடத்தியிருக்கிறானா? இருமுறை. விசாரணையன்று தானே வருவானா, இளையவரை அனுப்புவானா? தானே வருவான். பிறகு, “எதிர்த்தரப்பில் எவருக்காகவாவது ஆஜராகிறாயா?” என்றேன்.

“அம்மாவாசைக்கா? அவன் மூஞ்சிய நான் பார்த்ததில்ல. இல்லப்பா.”

திருப்தியாயிற்று. நங்கூரத்தின் கதை முழுவதையும் சொன்னேன். புதிதாகக் கேட்பவனைப் போல் புருவத்தை உயர்த்தி உயர்த்திக் கேட்டான். ராஜாங்கம் வந்து சொல்லிவிட்டால் நான் நிரபராதி என்று தெளிவாகும் அல்லவா என்றேன்.

“ராஜாங்கத்த எங்கிட்ட விடு. போலீசுல நீ வாயத் தொறக்காத. அஞ்சலாட்சிய சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்ல, பொம்பள அழுது காரியத்தக் கெடுத்துடுவா. கவனக்குறைவ அவங்கதான் நிரூபிக்கணும். நிரூபிக்கட்டும் பார்க்கலாம்.”

அவனையே அமர்த்தினேன். வாசல் வரை வந்து தோளில் கை வைத்து, “தூங்கு” என்றான்.

2 ஏப்ரல்

தூங்குகிறேன்.

20 ஏப்ரல், சனி

ராஜாங்கம் சேதராப்பட்டுக்குப் போயிருக்கிறான். அம்மாவுக்குக் காய்ச்சலாம். விசாரணைக்கு முதல் நாள் வந்துவிடுவான் என்கிறாள் தனக்கொடி. பெரிய மார்க்கெட்டில் அம்மாவாசை எதிரே வந்தான். “என்னங்க நொத்தேர், சௌக்கியமா?” என்றான். இன்னும் இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

29 ஏப்ரல், திங்கள்

ராஜாங்கம் வரவில்லை.

நீதிபதி கேட்டார்: பதினாறாம் நாள் அந்த வீட்டில் இருந்தீரா? இருந்தேன். படத்தைப் பார்த்தீரா? பார்த்தேன். அது எந்த அறையில் இருந்த படம் என்று உமக்குத் தெரியுமா? தெரியும். பார்த்ததும் என்ன செய்தீர்?

“கும்பிட்டேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அதுவே கடினமாக இருந்தது.

மறுபிரதி என்று எண்ணியதாகச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு மெலிந்த விடை என்று எனக்கே கேட்டது. தெய்வசிகாமணியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் எழுந்தான். சாட்சிகள் இல்லை என்றான். என் நற்குணத்தை, நேர்மையை, உழைப்பை அழகான பிரெஞ்சில் எடுத்துரைத்தான். முடிவில், கருணை காட்டும்படி நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டான்.

கருணை. குற்றமற்றவனுக்குக் கருணை எதற்கு? அந்தச் சொல்லைச் சொன்னதும் நான் ஒப்புக்கொண்டவன் ஆகிவிட்டேன். அவனுக்கு இது தெரியாதா? ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோமே.

அபராதம். ஆறு நாள் சிறை, நிறுத்திவைக்கப்பட்டது. பதிவேட்டில் ஏறும்.

“ஜெயிலுக்குப் போவலல்ல? விடு” என்றான் வெளியே வந்ததும்.

30 ஏப்ரல்

அலுவலகத்தில் எவரும் எதுவும் கேட்கவில்லை. நொத்தேர் மட்டும், இனிப் பத்திரங்களை அவரே ஒருமுறை சரிபார்ப்பதாகச் சொன்னார்.

3 மே, வெள்ளி

ராஜாங்கம் வந்தான். மல்லாக்கொட்டை மூட்டையோடு, சிரித்த முகத்தோடு.

“அபராதத்தோட போச்சாமே மாமா. அவொக்கா சொன்ன மாதிரியே முடிஞ்சிடுச்சு பாருங்க.”

“எப்போது சொன்னார்?”

“அப்பவேதான். அரக்கப் பார்த்து எழுதிட்டுப் போனாங்களே, அதுக்கு மறுநாளு. அக்கா என்ன இட்டுகிட்டுப் போச்சே. நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தான். அங்கே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுநாள் என்றால் மார்ச் பன்னிரண்டு. நான் போனது பதினேழு. நான் அவனிடம் கதை சொன்னேன். அவன் புருவத்தை உயர்த்தினான். என்ன கேட்டேன்? எதிர்த்தரப்பில் எவருக்காகவாவது என்று கேட்டேன். என் பக்கத்தில் எவருக்காகவாவது என்று கேட்கத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

4 மே, சனி

தனக்கொடியிடம் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை.

“கத்தியச் சூடு பண்ணச் சொன்னதே நான்தான். போதுமா?” என்றாள்.

பிறகுதான் தெரியும் என்று சொன்னாளே.

“உங்ககிட்ட வேற எப்படிச் சொல்றது? அவ புருஷன் படத்துக்கு அவ மனுப் போடணும். எனக்கு அது வெக்கமா இருந்துச்சு. என் புருஷன் பேசற பேச்சாங்க அது? தம்பிகிட்ட சொன்னேன், செஞ்சான். அப்புறம் அவன உள்ள தள்ளிடுவாங்கன்னு பயம் வந்துச்சு. அண்ணன்கிட்ட ஓடினேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“உங்க மேல வர்ற கேஸ் சின்னது, தம்பி மேல வந்தா பெருசுன்னாரு. தண்டனை விழுந்தா பென்ஷனே போயிடுமாம். அவர எங்கிட்ட அனுப்பு, நான் பார்த்துக்கறேன்னாரு.”

“அனுப்பினாய்.”

“அனுப்பினேன்.”

என் பதவி போய்விடும் என்று தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றாள். என்னைப் பாராமல், “அது உங்களுக்கு இன்னும் கிடைக்காத உத்தியோகம். இது அவங்க தின்னுகிட்டிருக்கற சோறு” என்றாள்.

பதினாறு வருஷம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நானே விட்டுக் கொடுத்திருப்பேனோ என்னவோ. அதைக் கேட்டுப் பார்க்கக் கூடவா நான் தகுதியில்லை? எம் பொண்டாட்டி, எம் மச்சினன், எம் சிநேகிதன். மூணு பேரும் உக்காந்து பேசி என்ன எங்க நிறுத்தறதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. நான் போய்க் காப்பி குடிச்சிட்டு வந்திருக்கேன்.

6 மே, திங்கள்

தெய்வசிகாமணியின் அறைக்குப் போனேன். உட்காரவில்லை.

“நீ மொதல்ல வந்திருக்கணும். உன் சம்சாரம் முந்திக்கிச்சு” என்றான். வெட்கப்படவில்லை. “யோசிச்சுப் பாரு சபாபதி. உனக்கு அபராதம். அவனுக்கு ஜெயிலு, பென்ஷன் போச்சு, ஊர்ல மூணு பொம்பளைங்க பட்டினி. எது நஷ்டம் கம்மி? நான் ஒரு ஆளுக்கு அவொக்கா இல்லப்பா, குடும்பத்துக்கு அவொக்கா.”

“அப்படியானால் என்னிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.”

“சொன்னா நீ ஒத்துகிட்டிருப்பியா?”

“அது நான் சொல்ல வேண்டிய விடை.”

“நீ கோர்ட்டுல நேர்மையா நின்ன. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.”

கும்பிட்டேன் என்று நான் சொன்னபோது சிரித்தது யார் என்று அதுவரை யோசித்ததில்லை. இவனாக இராது. இருந்தாலும் யோசித்தேன்.

7 மே, செவ்வாய்

ஜெய்னுலாபுதீனிடம் போனேன். முல்லா வீதி. மாடியில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். வழக்கைச் சொல்லுமுன் கேட்டேன்: “இந்த விவகாரத்தில், எந்தப் பக்கத்திலாயினும், எப்போதாயினும், எவருக்காவது யோசனை சொல்லியிருக்கிறீர்களா?”

மடிப்பதை நிறுத்தினார். “ரொம்பச் சூடு பட்டுட்டு வந்திருக்கீங்க. இல்ல, யாருக்கும் சொல்லல. உக்காருங்க.”

எல்லாவற்றையும் கேட்டார். மேல்முறையீட்டுக்கு அவகாசம் இன்னும் இருக்கிறது. தீர்ப்பு மாறினால் பதிவேட்டிலிருந்து வரி நீங்கும். நியமனமும் இன்னும் கையொப்பமாகவில்லை.

“உங்க பொண்டாட்டியோ மச்சினனோ சாட்சி சொல்ல எழுந்தா, எதிர்த்தரப்பு ஆட்சேபம் பண்ணும். ரெத்த சம்பந்தமும் கல்யாண சம்பந்தமும் கோர்ட்டுல நிக்காது. வெளி ஆளு யாரு பார்த்தது?”

“அஞ்சலாட்சி.”

“அவங்கள ஏன் கூப்பிடல?”

வேண்டாம் என்று என் அவொக்கா சொன்னார் என்றேன். அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

“அந்தம்மா உண்மையச் சொன்னா நீங்க வெளிய வருவீங்க. உங்க மச்சினன் உள்ள போவான். ரெண்டும் சேர்ந்துதான் நடக்கும். ஒண்ண மட்டும் குடுன்னு எங்கிட்ட கேக்காதீங்க.”

மேல்முறையீட்டில் கையொப்பமிட்டேன்.

9 மே

தனக்கொடியிடம் சொன்னேன். “செய்யுங்க” என்றாள். அவ்வளவுதான்.

28 மே

பேச்சில்லை. சோறு நேரத்துக்கு வருகிறது. ராஜாங்கம் சேதராப்பட்டிலேயே இருக்கிறான்.

25 ஜூன், செவ்வாய்

அஞ்சலாட்சிக்கு நீதிமன்ற அழைப்பாணை சென்றது. விசாரணை ஜூலை இருபத்திரண்டு. நியமன உத்தரவு அதுவரை காத்திருக்குமாம். நொத்தேரே விசாரித்துச் சொன்னார். இவ்வளவு நாள் கழித்து இன்று என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

19 ஜூலை, வெள்ளி

மாலை, தனக்கொடியும் அஞ்சலாட்சியும் ஒன்றாக என் முன் வந்து நின்றார்கள். தனக்கொடி என்னிடம் பேசியே பல வாரங்கள். இன்று அவள்தான் தொடங்கினாள்.

“நீங்களும் தப்பிக்கலாம், தம்பியும் தப்பிக்கலாம். அஞ்சலாட்சி ஒத்துகிட்டா.”

அஞ்சலாட்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “நானே தனியாத்தான் தொறந்தேன்னு சொல்லிடறேன் அண்ணே. யாருக்கும் தெரியாது, நானே கத்திய வெச்சு எடுத்தேன், நானே ஒட்டினேன்னு.”

“நங்கூரம் எப்படி வந்தது என்று கேட்பார்கள்.”

“சொல்தா தம்பி சட்டையத் தோய்க்கக் குடுத்துச்சு, அதுலேர்ந்து பொத்தான் அறுந்து விழுந்துச்சுன்னு சொல்றேன்.”

“எந்தக் கையில் கத்தி?”

“வலது கையில. மெழுகுவத்தியில சூடு பண்ணேன்.” தயங்காமல் வந்தது. பாடம்.

“யார் சொல்லிக் கொடுத்தது?”

அஞ்சலாட்சி தனக்கொடியைப் பார்த்தாள்.

“அண்ணன்தான்” என்றாள் தனக்கொடி.

அவன் நான் விலக்கிவிட்டு வந்த அவொக்கா. எனக்காக மறுபடி வழக்கு நடத்தியிருக்கிறான். இம்முறையும் என்னைக் கேட்காமல்.

பொய்ச் சாட்சி என்று சொன்னேன். அஞ்சலாட்சி அதைக் கேட்டுப் பயப்படவில்லை. “எனக்கு என்ன பென்ஷனா போவப்போவுது? உள்ள வெச்சா அங்கயும் ஒரு வேளை சோறு போடுவான். எனக்காகத்தானே எல்லாரும் மாட்டிகிட்டீங்க? அவரு மொகத்த ஒரு நாளு வெளிச்சத்துல பார்த்தேன். அதுக்கு நான் என்ன வேணா சொல்லுவேன்.”

அவள் அதைச் சொல்லி முடித்ததும் எனக்குப் புலப்பட்டது. சட்டம் படித்த எவனுக்கும் முதல் கணத்திலேயே புலப்பட வேண்டியது.

“முத்திரையை நீயே உடைத்ததாக ஒப்புக்கொண்டால், அம்மாவாசை அதையே பிடித்துக்கொள்வான். பாகம் பிரியுமுன் பொருளை ஒளிக்கப் பார்த்தவளுக்குப் பங்கில்லை என்று வாதிடுவான். அந்த வீட்டிலிருந்து உன்னை இறக்கிவிட அது போதும்.”

அவள் தனக்கொடி பக்கம் திரும்பினாள். பிறகு, “இத நீ சொல்லலியே தனக்கொடி” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

“எனக்குச் சத்தியமாத் தெரியாது. அண்ணன் இதச் சொல்லல.”

தெய்வசிகாமணிக்குத் தெரியாதிருக்க வழியில்லை. குடும்பத்துக்கு அவொக்கா. அஞ்சலாட்சி அந்தக் குடும்பத்தில் சேர்த்தியில்லை.

அப்போதும் அஞ்சலாட்சி, “நான் என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க அண்ணே. அதச் சொல்றேன்” என்றாள். சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

21 ஜூலை, ஞாயிறு

அவள் உண்மையைச் சொன்னால் ராஜாங்கம் சிறைக்குப் போவான். சேதராப்பட்டில் உலை எரியாது. அதைச் சொன்னவள் என்ற பெயர் அவளுக்கு. பொய்யைச் சொன்னால் அவள் தெருவுக்கு வருவாள். நான் நொத்தேர் ஆவேன். இரண்டில் எதைச் சொன்னாலும் நான் அதே இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

காலையில் ஜெய்னுலாபுதீன் வீட்டுக்குப் போனேன். மேல்முறையீட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன்.

“பெரிய மனசுன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

“சொல்ல வேண்டாம். அது இல்லை.”

“அப்ப என்ன?”

மன்னிக்கவில்லை. எவரையும் மன்னிக்கவில்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

பத்திரத்தை நானே எழுதிக் கொண்டு வருவதாகச் சொல்லி, வீட்டுக்கு வந்து எழுதினேன். கையொப்பத்தைக் கண்டதற்கு இரு சாட்சிகள் வேண்டும்; இதற்கு உறவு தடையில்லை. தனக்கொடியைக் கூப்பிட்டேன். அடுத்த வீட்டிலிருந்து அஞ்சலாட்சியை அழைத்து வரச் சொன்னேன்.

தனக்கொடி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

“எவருடைய தூண்டுதலும் இன்றின்னு எழுதியிருக்கீங்களே.”

“அப்படித்தான் எழுத வேண்டும்.”

அந்த வாக்கியத்தைப் பிறருக்காகக் கணக்கின்றி எழுதியிருக்கிறேன். எதிரே பிள்ளைகள் சூழ நின்று கையொப்பமிட்ட கிழவர்களுக்கு. அண்ணன்மார் அழைத்து வந்த தங்கைகளுக்கு. ஒருநாளும் பேனா நின்றதில்லை.

அவள் பேனாவை வாங்கிக் கையொப்பமிட்டாள். எழுத்து நேராகவே வந்தது. அஞ்சலாட்சி பெருவிரலை மையில் வைத்தாள். துடைக்கத் துணி கொடுத்தேன். பத்திரத்தின் வாசகத்தை இங்கே பிரதி செய்கிறேன். அசல் நாளைக் காலை நீதிமன்றத்தில் சேரும்.

1. வே. சபாபதி ஆகிய நான், என்மீது வழங்கப்பட்ட தீர்ப்பை எதிர்த்துத் தாக்கல் செய்த மேல்முறையீட்டை இதனால் திரும்பப் பெறுகிறேன்.

2. தீர்ப்பை ஏற்கிறேன். அது பதிவேட்டில் நிலைக்கும் என்பதையும் அதன் விளைவுகளையும் அறிவேன்.

3. சாட்சியாக அழைக்கப்பட்ட அஞ்சலாட்சி அம்மாளை விசாரிக்க வேண்டிய அவசியம் இனி இல்லை.

4. இதனை எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன், என் சுய விருப்பத்தின்படி எழுதிக் கையொப்பமிடுகிறேன்.

புதுச்சேரி, 21 ஜூலை 1957

(ஒப்பம்) வே. சபாபதி
தலைமை எழுத்தன்

சாட்சிகள்:
தனக்கொடி, மேற்படியாரின் மனைவி
அஞ்சலாட்சி, காலஞ்சென்ற ராமலிங்கத்தின் மனைவி, இடக்கைப் பெருவிரல் ரேகை